இருபத்தேழு அங்குல அலகு

போன வாரம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். வேலைக்குப் புதிது. என் எண்ணை யாரோ கொடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் பார்சலில் ஒரு மடக்குக் கத்தி வந்திருக்கிறதாம். ஒரே பிடிக்குள் ஏழெட்டு அலகுகள். புதிய மென்பொருளில் ‘அலகின் நீளம்’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது, அதில் எதைப் போடுவது என்று கேட்டார்.

எங்கள் காலத்துக் காகிதப் படிவத்திலும் ஒரே கட்டம்தான் இருந்தது. பல பேர் கூடி யோசித்து, அந்தக் கட்டத்தைச் சேதமில்லாமல் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு திருப்தி. ஒவ்வொரு அலகையும் தனியாக அளந்து, மிக நீளமானதை மட்டும் போடுங்கள், எதையும் கூட்டாதீர்கள் என்றேன். “யாராவது கூட்டுவாங்களா சார்?” என்று சிரித்தார். கூட்டியிருக்கிறார்கள். தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது, வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் பார்சல்களைத் திறந்து பார்க்கும் சுங்க அலுவலகம் ஒன்றில். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஓய்வூதியம் இன்னும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. கோலார் தங்க வயலில் வீடு, பெங்களூரில் வேலை. காலையில் சாம்பியன் ஸ்டேஷனில் ரயில் ஏறி, இருட்டும் நேரத்தில் அங்கேயே வந்து இறங்குவேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான். அப்பன்மார்கள் சுரங்க ஷாஃப்டில் இறங்கி ஏறினார்கள், நாங்கள் ரயிலில் ஏறி இறங்கினோம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சட்டத்தை வகுப்பறையில் படித்தோம், முடிச்சு அவிழ்ப்பதைக் கிடங்கில் படித்தோம். பணி ஓய்வு வரை கைகொடுத்தது இரண்டாவது படிப்புதான்.

பார்சலைத் திறப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் எடை போட வேண்டும். அதிகாரி வெட்டக்கூடாது, தபால்காரர்தான் வெட்ட வேண்டும். உள்ளே இருப்பதை வெள்ளைத் துணியில் வைத்து, சுற்றியிருந்த தாளைக் கசக்காமல் ஓரமாக எடுத்து வைக்க வேண்டும். கத்தி என்றால் கூடுதல் வேலை. அழுத்தினால் அலகு தானே பாயும் பொத்தான் இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்க்க வேண்டும். இருந்தால் மேற்கொண்டு பேச்சே இல்லை. இல்லையென்றால், அலகின் முதுகுப் பக்கம் நகம் நுழைவதற்கென்று வெட்டியிருக்கும் சிறு பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெதுவாக இழுக்க வேண்டும். நீளம் ஒன்பது அங்குலத்தையோ அகலம் இரண்டு அங்குலத்தையோ தாண்டினால் அது ஆயுதம், உரிமம் கேட்க வேண்டும். பிறகு பிடியைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் யானைத் தந்தம், வனத்துறைக்குச் சொல்லியனுப்ப வேண்டும். பொட்டுப் பொட்டாகக் கறுப்புப் புள்ளி தெரிந்தால் வெறும் மாட்டெலும்பு, நிம்மதியாக டீ குடிக்கப் போகலாம்.

இதையெல்லாம் எனக்குப் பழக்கியவர் எங்கள் கண்காணிப்பாளர் பத்மாவதி மேடம். வேலூர்ப் பக்கத்துப் பெண்மணி. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அது உயராமலே எங்களுக்கு வியர்க்கும். எந்தக் கோப்பைக் கொண்டுபோய் நீட்டினாலும் வாங்க மாட்டார். “பேப்பர் அப்புறம். பொருள் எங்கே?” என்பார். பொருள் மேஜைக்கு வரும் வரை உட்காரவும் மாட்டார். வந்ததும் கண்ணாடி வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளாலும் அதை எடுத்துப் பார்ப்பார். பொருளைப் பார்க்காமல் எழுதிய குறிப்பு எதுவானாலும், எழுதியவரையே உரக்கப் படிக்கச் சொல்வார். அதைவிடக் கடுமையான தண்டனை எங்கள் அலுவலகத்தில் கிடையாது. நாங்களே எழுதியது எங்கள் காதில் விழுந்துவிடும்.

இப்போது ராகுலன். மாரிக்குப்பத்துக்காரன், பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டியவன். தினமும் ஒரே பெட்டி, எதிரெதிர் சீட். அவனுக்கு இருந்த ஒரே கிறுக்கு, பழைய மடக்குக் கத்திகள் சேர்ப்பது. அதிலும் பல அலகு வைத்தவை மட்டும். வெள்ளைக்காரச் சூப்பர்வைசர்கள் விட்டுப்போன கத்திகள் எங்கள் ஊரில் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் கிடந்தன. ஆண்டர்சன்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் கிளறிக்கொண்டிருப்பான். ஆர்டர் கொடுத்துச் செய்வித்த கத்தி, கடையில் வாங்கிய கத்தி என்று பிரித்துச் சொல்வான். அலகு திறந்து நிற்கும்போது எழும் டக் என்ற சத்தத்தை வைத்தே உள்ளிருக்கும் இரும்புப் பட்டையின் உடல்நிலையைச் சொல்வான். அவன் வட்டத்தில் யாரும் கத்தியைச் சாணை பிடிக்க மாட்டார்கள், துரு நீக்க உப்புத்தாள் போட மாட்டார்கள், அலகை விரலால் தொட மாட்டார்கள். எதையும் வெட்டவே மாட்டார்கள். வெட்டாத கத்தி எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன். “நீங்க திறந்து பாத்துட்டு மூடி வெக்கறதுக்குச் சம்பளமே வாங்கறீங்களேண்ணா” என்றான். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

இந்தச் சேகரிப்பாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விற்க மனம் வராத அரிய கத்தியை, இன்னொரு நாட்டுச் சேகரிப்பாளருக்குச் சில மாதம் வைத்துப் பார்க்க அனுப்புவார்கள். அவர் தன்னுடைய அரிய கத்தி ஒன்றைப் பதிலுக்கு அனுப்ப வேண்டும். இவருடையது பத்திரமாகத் திரும்பும் வரை அது அங்கே பிணை. ராகுலன் அதை ஜாமீன் கத்தி என்பான். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. ஒரு முறை கத்தியைத் திருப்பி அனுப்பாமல் விட்டால் அந்த ஆளுக்கு உலகத்தில் எங்கிருந்தும் அதன் பிறகு ஒரு கத்தியும் வராது. அவ்வளவுதான் சட்டம். எங்கள் இலாகாவின் சட்டப் புத்தகத்தை விட மெலிந்தது, அதிகம் மதிக்கப்பட்டது.

இங்கிலாந்தில் ஓய்வு பெற்ற பல் மருத்துவர் ஒருவரிடம், குதிரை வைத்திருந்த ஒரு துரைக்காக நூறு வருடத்துக்கு முன்பே தனியாகச் செய்யப்பட்ட கத்தி ஒன்று இருந்தது. அதைப் பார்க்க ராகுலன் இரண்டு வருடம் கடிதம் எழுதினான். அவர் ஒப்புக்கொண்டு, பதிலுக்குக் கேட்டது சுரங்கத்தில் புழங்கிய கத்தி. வெடித்திரியை நறுக்கும் அலகும் தோட்டா உறையைக் கிழிக்கும் அலகும் ஒரே பிடியில் இருக்கும் மாதிரி. அப்படி ஒன்று ராகுலனின் வீட்டிலேயே இருந்தது. ஆனால் அவனுடையதல்ல, அவன் மாமனாருடையது. அவர் நந்திதுர்க்க மைனில் வெடி வைக்கும் கோஷ்டியில் இருந்தவர். பூமிக்கடியில் எத்தனையோ லெவலில் அந்தக் கத்தியால் திரி நறுக்கியவர், இப்போது அதே கத்தியால் பாக்குச் சீவிக்கொண்டிருந்தார். ராகுலன் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கி அனுப்பிவைத்தான்.

இங்கிலாந்துக் கத்தி எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த அன்று, வெட்டும் மேஜையில் நான்தான் இருந்தேன். முகவரியைப் பார்த்ததும் பேனாவை மூடினேன். பெறுபவர் தெரிந்தவர் என்றால் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும், அது விதி. எழுதிக் கொடுத்தேன். பார்சல் நாகேஷிடம் போயிற்று. நாகேஷ் ஓசூர்க்காரர், புதிதாக வந்தவர், கை சுத்தமானவர். லஞ்சம் வாங்குகிறவன் செய்யும் தப்பைத் திருத்திவிடலாம். நேர்மையானவன் செய்யும் தப்பு நேராக மேலே போய்க் கையெழுத்தாகித் திரும்பி வரும்.

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சுங்கத் தாளில் அந்தப் பல் மருத்துவர், மடக்குக் கத்தி ஒன்று, அலகு இருபத்தேழு அங்குலம் என்று எழுதியிருந்தார். சேகரிப்பாளர்கள் அப்படித்தான் பெருமை பேசுவார்கள். உள்ளே உள்ள அலகு, கொக்கி, ரம்பம், ஊசி அத்தனையையும் வரிசையாக வைத்தால் வரும் மொத்த நீளம் அது. கத்தியோ மூடினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நாகேஷ் சந்தேகப்பட்டு ஒவ்வொன்றாக அளந்தார், கூட்டினார், இருபத்தேழு சரியாக வந்தது. படிவத்தில் ஒரே கட்டம். போட்டுவிட்டார். ஒன்பதுக்கு மேல் போனதால் ஆயுதம் என்று பார்சல் நிறுத்திவைக்கப்பட்டு, ராகுலனுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போயிற்று. பத்மாவதி மேடம் அந்தச் சமயம் பார்த்து விமான நிலையப் பிரிவுக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்டிருந்தார்.

ராகுலன் நோட்டீஸை ரயிலில் என்னிடம் நீட்டினான். தொட மாட்டேன் என்றேன். என்ன எழுதுவதென்றாவது சொல்லுங்கள் என்றான். சொல்ல முடியாது என்றேன். ஒரு வக்கீலைப் பார் என்று மட்டும் சொன்னேன். கத்தியைப் பற்றித் தன்னைவிட எந்த வக்கீலுக்குத் தெரியும் என்று கேட்டான். அங்கேதான் அவனுக்குச் சனி பிடித்தது.

அவன் எழுதிய பதிலை நான் பின்னால் படித்தேன். மொத்த அலகு நீளம் இருபத்தேழு அங்குலம் என்பது முற்றிலும் உண்மை என்று தொடங்கியிருந்தான். அந்த நீளமுள்ள கத்திகள் உலகத்திலேயே மிகச் சிலதான் உள்ளன என்பதையும் அதிகாரிகளின் மேலான கவனத்துக்குக் கொண்டுவந்திருந்தான். பிறகு ஒவ்வொரு அலகாக விளக்கம். குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கும் கொக்கி, தோல் துளைக்கும் ஊசி, குதிரைக்கு நரம்பைக் கீறி ரத்தம் எடுக்கும் அலகு. ‘ரத்தம்’ என்ற சொல்லின் கீழ் யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். நேர் விசாரணையில், இதை வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். “ஒண்ணும் செய்ய மாட்டேன் சார், வெச்சிப் பாப்பேன்” என்றானாம். ரத்தம் எடுக்கும் கத்தியை வாங்கி ஒன்றும் செய்ய மாட்டேன் என்கிறவனை எந்த அதிகாரி நம்புவான்? பறிமுதல் செய்து அழிக்கும்படி உத்தரவாயிற்று. மேல்முறையீட்டுக்கு ஒரு கெடு உண்டு. பல் மருத்துவருக்கு இதை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே அவன் அந்தக் கெடுவையும் கோட்டைவிட்டான்.

அந்த மாதங்களில் அவன் ரயிலில் வாயே திறக்கவில்லை. இங்கிலாந்துக் கத்தி அழிந்தால் மாமனார் கத்தியும் போயிற்று, அதைக் கேட்கிற உரிமையும் போயிற்று, அவன் பெயரும் போயிற்று. வீட்டில் பெரியவர் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார். “இன்னா மாப்ளே, என் கத்திய வெச்சிகினு வெள்ளக்காரன் பாக்கு சீவறானா? திருப்பித் தருவானா, மாட்டானா?” அவன் மனைவி பாக்குவெட்டி வாங்கிக் கொடுத்தாளாம். பெரியவர் அதைத் தொடவில்லை. பாக்குப் போடுவதையே நிறுத்திவிட்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன், வெறும் வெற்றிலையை மெல்வதைத்தான் பார்க்க முடியவில்லை என்று ராகுலன் ஒருநாள் சொன்னான். அதை மட்டும்தான் சொன்னான்.

அழிப்பதற்கும் முறை உண்டு. குழுவில் மூன்று பேர், கிடங்குப் பொறுப்பாளர் தவிர. அழிக்க வேண்டிய பொருளின் விவரத்தை ஒருவர் உரக்கப் படிப்பார். கிடங்குப் பொறுப்பாளர் பொருளைக் கொண்டுவந்து காட்டுவார். படித்ததும் பார்த்ததும் ஒன்றுதான் என்று தலைவர் சொன்ன பிறகு, வெல்டர் காஸ் கட்டரைப் பற்றவைப்பார். அந்த வருடம் கிடங்குப் பொறுப்பு என்னிடம். கோப்பிலிருந்துதான் ஒதுங்கியிருந்தேன், சாவியிலிருந்து ஒதுங்க வழியில்லை. அன்று காலை ரயிலில் ராகுலனிடம் அன்றைக்குத்தான் அழிக்கப்போகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது விதி. விதி என்று ஒன்று இல்லாமலிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

குழுவின் தலைவர் பத்மாவதி மேடம், விவரம் படிக்க நாகேஷ். மேடம் தற்காலிகப் பணி முடிந்து அந்த வாரம்தான் திரும்பியிருந்தார். இந்தக் கோப்பு அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும், உத்தரவை மாற்றும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. நான் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு ஊழல் தடுப்புப் பிரிவு, இந்த ஆள் எந்த ஊர், அந்த ஆள் எந்த ஊர், இருவரும் எந்த ரயில் என்று கேட்கும். வாயை மூடிக்கொண்டு கத்தியைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். அதற்கு முன்னால் பொத்தான் கத்திகள் ஒரு குவியலும், பொம்மைத் துப்பாக்கி என்று எழுதி வந்த பொம்மையில்லாத ஒன்றும் வெட்டுப்பட்டுக் கிடந்தன. கொல்லைப்புறம் முழுக்க எரிந்த இரும்பு நெடி.

மேடம் வளையல்களை ஏற்றிவிட்டுக்கொண்டார். கத்தியை இரண்டு கையாலும் எடுத்தார். எலும்புப் பிடியில் கறுப்புப் புள்ளிகளை வெளிச்சத்தில் பார்த்தார். பெரிய அலகை நகத்தால் இழுத்தார். டக். மூடினார். தட்டில் திரும்ப வைத்தார். பிறகு நாகேஷைப் பார்த்து, விவரத்தைப் படிக்கச் சொன்னார்.

“மடக்குக் கத்தி ஒன்று. எலும்புப் பிடி. அலகின் நீளம் இருபத்தேழு அங்குலம்.”

மேடம் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“இருபத்தேழு அங்குல அலகு எங்கே?” என்றார்.

“இதுதான் மேடம்.”

“இதுல எது?”

“எல்லாம் சேர்த்து மேடம். தனித்தனியாத்தான் இருக்கு, கூட்டினா...”

“வீட்டுல ஆறு கரண்டி வெச்சிருக்கீங்க. பெரிய கரண்டி எவ்வளவு நீளம்னு கேட்டா, ஆறையும் கூட்டித்தான் சொல்வீங்களா?”

வெல்டர் சிரித்துவிட்டார். அரசாங்கச் சடங்குகளில் சிரிக்கும் உரிமை தினக்கூலிக்காரருக்கு மட்டும்தான் உண்டு. நாகேஷின் காது சிவந்தது. உத்தரவு ஏற்கெனவே ஆகிவிட்டதே, அதை இப்போது மாற்ற முடியாதே என்றார். அவர் சொன்னது சரிதான்.

“மாத்தச் சொல்லலியே. உத்தரவுல இருக்கறது இருபத்தேழு அங்குலக் கத்தி. அது கிடங்குல இல்ல. கிடங்குல இருக்கற இந்தக் கத்திக்கு உத்தரவே இல்ல. இல்லாததை எப்படி வெட்டறது? இருக்கறதை எதை வெச்சு வெட்டறது?”

அவ்வளவுதான். அளவுகோலைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு அலகாக நாகேஷையே அளக்கச் செய்தார். நாலு அங்குலத்தை எட்டியது ஒன்றுகூட இல்லை. காட்டப்பட்ட பொருள் விவரத்தோடு பொருந்தவில்லை என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். வெல்டர் அடுத்த சாமானை எடுத்துவரச் சொன்னார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குத் திரும்பிப் போனேன். கதவைப் பூட்டிவிட்டு உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்தேன். இத்தனை வருடச் சர்வீஸில் விதிமுறையை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்தது அன்று ஒருமுறைதான்.

கோப்பு மேலே போயிற்று. மேலே இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டவர்கள்தான், கணக்குப் போட்டவர்கள் அல்ல என்பதால் யாருக்கும் மானக்கேடில்லாமல் விஷயம் திருத்தப்பட்டது. கத்தியை விடுவிக்க உத்தரவு வந்தது. சில மாதங்கள் கழித்து மாமனாரின் கத்தி இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது, அந்தப் பார்சலை நாகேஷே கேட்டு வாங்கித் திறந்தார். திரி நறுக்கும் அலகு இவ்வளவு, உறை கிழிக்கும் அலகு இவ்வளவு என்று தனித்தனியாக, கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினார். பின்னாளில் அவர் நல்ல அதிகாரியாக வந்தார். என்னைவிட உயரமான நாற்காலியில் ஓய்வு பெறுவார்.

ஆனால் அந்த வழக்கில் எனக்கு மனதில் நிற்பது, இங்கிலாந்துக் கத்தியை ராகுலன் கவுன்டரில் வாங்கிக்கொண்ட மாலைதான். வாங்கியவன் பெட்டியைப் பிரிக்கவில்லை. சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று கவுன்டரில் சொன்னதற்கு, இங்கே வேண்டாம் சார், இங்கே திறந்தது போதும் என்றானாம்.

அன்று ரயிலில் எதிர் சீட்டில் உட்காரவில்லை, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தான். நீங்கதான் ஏதோ சொன்னீங்களாண்ணா என்று கேட்டான். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்றேன். அவன் நம்பவில்லை. உண்மையைச் சொல்லியும் நன்றியோடு பார்க்கப்பட்ட சங்கடம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. பெரியவரிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். போனில் சொன்னானாம். “அப்ப என்னுதும் வரும்” என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டாராம்.

ஒயிட்ஃபீல்டு தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான். மாலூரில் கூட்டம் ஏறியது, இறங்கியது, கடலைக்காரர் காதுக்குள் கத்திக்கொண்டு போனார். அவன் அசையவில்லை. வாய் திறந்திருந்தது. பல மாதத் தூக்கம். பங்காரப்பேட்டையில் எஞ்சினை மாற்றும்போது பெட்டி ஒரு குலுங்கு குலுங்கியதில் அவன் கை தளர்ந்து, பார்சல் மடியிலிருந்து நழுவியது. கீழே விழுவதற்குள் நான் பிடித்தேன்.

எழுப்பிக் கொடுத்திருக்கலாம். எழுப்பவில்லை. என் மடியில் வைத்துக்கொண்டேன். கோரமண்டல் போயிற்று, ஊர்காம் போயிற்று. சாம்பியன் வந்தது, என் ஸ்டேஷன். வண்டி நின்றது, பக்கத்து வீட்டுக்காரர் பிளாட்ஃபாரத்திலிருந்து இறங்கலையா என்று சைகை காட்டினார். இல்லை என்று தலையாட்டினேன். வண்டி மாரிக்குப்பத்தை நோக்கிக் கிளம்பியது. அவன் தூங்கிக்கொண்டே வந்தான். என் மடியில் பெட்டி இருந்தது. எங்கேயும் கையெழுத்துப் போடாமல் என் வசம் இருந்த பார்சல் அது ஒன்றுதான்.